நீல வானத்துச் சனிக்கிழமை

கால்வெஸ்டன் கரையில் தூண்டில் போடும் தமிழ் நண்பர்களுக்கு,



"புயல் லூசியானா பக்கம் திரும்பிடுச்சாம். நமக்கு ஒண்ணும் இல்ல. சனிக்கிழமை காலையில நாலு மணிக்குக் கிளம்பினா விடியறதுக்குள்ள தண்ணியில நின்னுடலாம்." ஆகஸ்டு கடைசியிலோ செப்டம்பரிலோ வருடந்தோறும் எனக்கு இப்படி ஒரு போன் வந்துவிடும். கூப்பிடுகிறவர் கேட்டியில் இருப்பார், பேர்லாந்தில் இருப்பார், சுகர்லாந்தில் இருப்பார். ஆள் மாறுவார், பேச்சு மாறாது. கடைசியாக அப்படிக் கூப்பிட்ட தம்பியிடம் "வேண்டாம்ப்பா" என்று மட்டும் சொன்னேன். ஏன் என்று கேட்டான். நான் நெடுஞ்சாலையில் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தேன், விளக்கிச் சொல்ல வழியில்லை. அன்று சொல்லாமல் விட்டதை எல்லோருக்குமாகச் சேர்த்து எழுதுகிறேன்.

தூண்டில் போடாதீர்கள் என்று சொல்லும் தகுதி எனக்கு இல்லை. குமரி மாவட்டத்துக் கடற்கரை ஊர் ஒன்றில் பிறந்தவன் நான். இருபது வருடத்துக்கும் மேலாக என் வார இறுதிகளை இந்த வளைகுடாக் கரையில் தொலைத்துக்கொண்டிருக்கிறேன். என் வீட்டு கராஜில் காருக்கு இடமில்லை, தூண்டில் கம்புகளுக்கு இருக்கிறது. இந்த மடலும் எந்தச் சனிக்கிழமை போகலாம், எது கூடாது என்பதைப் பற்றித்தான்.

ஹரிக்கேன் சீசன் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை. அதன் உச்சம் செப்டம்பர் 10ஐ ஒட்டி வருகிறது. நாமெல்லாம் வருடம் முழுக்கக் காத்திருக்கும் பெரிய ரெட்ஃபிஷ் முட்டையிடுவதற்காகக் கரையோரத்துக்கும் கழிமுகங்களுக்கும் கூட்டமாக வருவதும் அதே நாட்களில். வம்பு இங்கேதான் ஆரம்பிக்கிறது.

சாதாரண நாளில் கால்வெஸ்டன் கடல் ஒரு சோம்பேறி. பழுப்புத் தண்ணீர், ஒன்றிரண்டு அடி அலை, நாலைந்து விநாடிக்கு ஒன்றாகச் சளசளவென்று வந்து விழும். வற்றத்துக்கும் ஏற்றத்துக்கும் இடையே இரண்டு அடி வித்தியாசம் இருந்தாலே அதிகம். முட்டத்துப் பாறையில் மோதும் அலையைப் பார்த்து வளர்ந்தவன் கண்ணுக்கு இது குளம். மெரினாவைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கும் அப்படித்தான் தோன்றும். இந்த இளக்காரம் நமக்குள் எப்போதோ உட்கார்ந்துவிட்டது, எழுந்திருக்க மாட்டேன் என்கிறது.

புயல் ஓரிடத்தில் கரையேறும். அதன் அலை எல்லாக் கரையிலும் ஏறும். அந்தந்த இடத்துக் காற்று கிளப்பும் அலை குட்டையானது, காற்று அடங்கினால் அதுவும் அடங்கிவிடும். புயலின் மையத்தருகே பிறந்து வெளியே புறப்படும் அலை வேறு சாதி. பன்னிரண்டு விநாடிக்கு ஒன்றாக வரும் அலைக்கூட்டம் ஆழ்கடலில் மணிக்கு ஏறக்குறைய 20 மைல் வேகத்தில் நகரும். ஒரு பகல் ஒரு இரவில் 500 மைல். புயலோ பெரும்பாலும் மணிக்குப் பத்துப் பதினைந்து மைல்தான் நகர்கிறது. அதனால் புயல் இன்னும் யூகட்டான் பக்கம் நின்றுகொண்டிருக்கும்போதே அதன் அலை கால்வெஸ்டன் சுவரைத் தட்டிவிடும். நம் தலைக்கு மேல் வானம் கழுவித் துடைத்த நீலமாக இருக்கும்.

எங்கள் ஊர்ப்பக்கம் இதற்குப் பெயர் உண்டு: கள்ளக்கடல். காற்றும் மழையும் இல்லாத பட்டப்பகலில் திருடனைப் போல ஏறிவருவதால் மலையாளக் கரை மீனவர்கள் வைத்த பெயர். 2012இல் யுனெஸ்கோவும் அந்தச் சொல்லை ஏற்றுக்கொண்டது. அங்கே அந்த அலையை அனுப்புவது இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில் வீசும் காற்று. இங்கே அனுப்புவது கரீபியனிலோ வளைகுடா நடுவிலோ சுற்றிக்கொண்டிருக்கும் புயல். அனுப்புகிற கை வேறு, திருட்டு ஒன்றுதான்.

வானிலை அறிக்கையில் "அலை நாலு அடி" என்று படித்துவிட்டு, நாலு அடிதானே என்று கிளம்புகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஐந்து விநாடிக்கு ஒன்றாக வரும் நாலு அடி மேல்தண்ணீரில் நடக்கும் சண்டை. பன்னிரண்டு விநாடிக்கு ஒன்றாக வரும் நாலு அடியில் தண்ணீர் அடிமட்டம் வரை சேர்ந்து நகர்கிறது. மணல்திட்டைத் தொட்டதும் அது நிமிர்ந்து ஆறு அடி, ஏழு அடி ஆகிவிடும். கால்வெஸ்டனுக்குக் கிழக்கே 22 கடல்மைலில் 42035 என்ற எண்ணுள்ள அரசு மிதவை ஒன்று இருக்கிறது. அதன் அளவுகள் மணிக்கு மணி வெளியாகின்றன. எல்லோரும் அதில் அலையின் உயரத்தைப் பார்க்கிறார்கள். அதையடுத்து விநாடிக் கணக்கில் ஓர் எண் இருக்கும், அதைப் பாருங்கள். ஐந்தாறு என்றிருந்தது ஒன்பது, பத்து என்று ஏறினால் தூரத்தில் இருப்பவன் ஆள் அனுப்பிவிட்டான் என்று அர்த்தம்.

என் தாத்தாவுக்கு மிதவை ஏது? கட்டுமரத்தைத் தள்ளும் முன் மணலில் குந்தி உட்கார்ந்து ஒரு பீடி முடியும்வரை கடலைப் பார்ப்பார். சில நாள் இரண்டாவது பீடியும் பற்ற வைப்பார். அப்படிப் பற்ற வைத்த நாளில் பெரும்பாலும் கடலுக்குப் போகமாட்டார். சும்மா புகைக்கிறார் என்று நினைத்திருந்தேன். பெரிய அலைகள் தனித்தனியாக வருவதில்லை, ஐந்தாறாகச் சேர்ந்து வரும், பிறகு ஐந்து நிமிடமோ பத்து நிமிடமோ கடல் ஒன்றும் தெரியாத பிள்ளை போல இருக்கும். தாத்தா பார்த்துக்கொண்டிருந்தது அந்த இடைவெளியை என்று எனக்கு நாற்பது வயதுக்கு மேல்தான் விளங்கியது. விளங்க வைத்ததும் தாத்தா இல்லை, சான் லூயிஸ் பாஸ்.

அதற்கு முன் 1900ஐச் சொல்லிவிடுகிறேன். அந்த ஆண்டு செப்டம்பர் 8 காலை, கால்வெஸ்டன் வானிலை நிலையத்தின் பொறுப்பாளர் ஐசக் கிளைன் கடற்கரையில் நின்று அலைகளுக்கு இடையே உள்ள நேரத்தைக் கடிகாரம் வைத்து அளந்தார். காற்று வடக்கிலிருந்து, அதாவது நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசிக்கொண்டிருந்தது. நியாயமாகப் பார்த்தால் அந்தக் காற்றுக்குத் தண்ணீர் பின்வாங்க வேண்டும். மாறாக நெடிய அலைகள் தென்கிழக்கிலிருந்து வந்துகொண்டே இருந்தன, தாழ்வான தெருக்களில் கடல் ஏறிவிட்டது. அன்றிரவு செத்தவர்கள் 6,000 முதல் 12,000 வரை என்கிறார்கள், பொதுவாகச் சொல்லும் கணக்கு 8,000. கிளைனின் மனைவியும் அதில் ஒருவர். நாம் குடும்பத்தோடு ஐஸ்கிரீம் சாப்பிட்டபடி நடக்கும் சீவால் என்ற அந்த 17 அடிச் சுவர் அதற்குப் பிறகு எழுந்தது. 1902இல் வேலையைத் தொடங்கி முதல் பகுதியை 1904இல் முடித்தார்கள். இவ்வளவும் தெரிந்திருந்தும் நான் ஒரு நாள் அலையை எண்ணாமல் இறங்கினேன்.

சில வருடங்களுக்கு முன், செப்டம்பர். புயல் நமக்குக் கிழக்கே வெகுதூரத்தில் வடக்கு நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. நானும் நண்பர் ஒருவரும் கால்வெஸ்டன் தீவின் மேற்குக் கோடியில், சான் லூயிஸ் பாஸ் கழிமுகத்துக்குச் சற்று முன்னால் வண்டியை நிறுத்தினோம். லேசான வாடைக்காற்று. வாடை நிலத்திலிருந்து வருவதால் கரையோர அலையை அமுக்கிவிடும், கடல் இஸ்திரி போட்ட துணி மாதிரி இருந்தது. பழுப்புத் தண்ணீர் அன்று பச்சையாகவும் இருந்ததா, ஆசை தாங்கவில்லை.

இந்தக் கரையின் அமைப்பு உங்களுக்குத் தெரியும். இறங்கினால் ஒரு பள்ளம், பிறகு ஒரு மணல்திட்டு, மறுபடி பள்ளம், மறுபடி திட்டு. இரண்டாம் திட்டில் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று அதற்கு அப்பாலுள்ள பள்ளத்துக்கு வீசுவது இங்கே வழக்கம். மடவையை வெட்டிக் கோத்து வீசினேன். சில நிமிடங்களுக்குள் கம்பு வளைந்தது. பெரிய மீன். அதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது காலடி மணல் நழுவுவதைக் கவனித்தேன், ஆனால் கம்பை விட மனம் வரவில்லை. அப்போதுதான் அந்த ஐந்தாறு பேரில் முதலாமவன் வந்தான். மார்பில் மோதினான். இரண்டாமவன் தலைக்கு மேல் போனான். திட்டின் மேல் ஏறிய தண்ணீரெல்லாம் திரும்பிப் போக வழி தேடி எனக்கும் கரைக்கும் நடுவிலிருந்த பள்ளத்தில் ஆறாக ஓடியது. போகும்போது மார்பளவு இருந்த பள்ளத்தில் இப்போது கால் பாவவில்லை. நீவாடு, அதாவது நீரோட்டம், மேற்கே இழுத்தது. மேற்கே இருப்பது பாஸ், அதற்குள் போய்விட்டால் பிறகு பேச்சே இல்லை.

கம்பை விட்டேன். முன்னூறு டாலர் கம்பு என்று அந்த நேரத்திலும் ஞாபகம் வந்தது, வெட்கமாகத்தான் இருக்கிறது சொல்ல. நண்பர் கரையிலிருந்து ஐஸ் பெட்டியைக் கவிழ்த்துக் காலி செய்து, மூடியைப் பூட்டித் தண்ணீரில் தள்ளிவிட்டார். அதைக் கட்டிக்கொண்டு இழுப்போடு சண்டை போடாமல் கால் மைல் மிதந்து, அடுத்த திட்டில் கால் பட்டதும் ஏறினேன். சிப்பி கிழித்த முழங்காலோடு மணலில் கிடந்தபோது கடல் மறுபடி இஸ்திரி போட்ட துணியாகிவிட்டிருந்தது. நான் இறங்கியது முதல் மீன் கடித்தது வரை இருந்த அமைதி, இரண்டு அலைக்கூட்டங்களுக்கு நடுவிலிருந்த இடைவெளி. அவ்வளவுதான்.

அந்த இழுப்பு சுவரை ஒட்டிய பாறை வரிசைகளிலும் உண்டு. சீவாலிலிருந்து கடலுக்குள் நீளும் கிரானைட் வரிசை ஒவ்வொன்றின் பக்கவாட்டிலும் தண்ணீர் கடலை நோக்கி ஓடிக்கொண்டே இருக்கும், நல்ல நாளிலும். புயலலை வரும் நாளில் அது வெறிபிடித்தாற்போல் ஓடும். ஊரிலிருந்து ஆறு மாத விசாவில் வந்திருக்கும் அப்பா அம்மாவைப் பாசி பிடித்த அந்தப் பாறை நுனியில் உட்கார வைத்துவிட்டு, பக்கத்தில் நின்று தூண்டில் போடும் பிள்ளைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அம்மாவின் சேலை நனைந்தால் சிரித்துக்கொண்டு போட்டோ எடுப்பார்கள். அந்த வரிசையில் ஐந்தாறு பேர் சேர்ந்து வந்தால் போட்டோ எடுக்க நேரமிருக்காது.

தொலைக்காட்சியில் காட்டும் கூம்பு பற்றியும் பேச வேண்டும். புனல் மாதிரி விரியும் அந்த வெள்ளைப் படத்தை நாம் ஜாதகம் போலப் படிக்கிறோம்: கூம்புக்குள் இருந்தால் கெட்ட நேரம், வெளியே இருந்தால் நல்ல நேரம். அது புயலின் மையப்புள்ளி போகக்கூடிய வழி மட்டும். புயலின் அகலத்தை அது சொல்வதில்லை, அலையைச் சொல்வதில்லை, மழையைச் சொல்வதில்லை. மையம் மூன்றில் இரண்டு தடவை அந்தக் கூம்புக்குள் நிற்கும் என்ற கணக்கில் வரையப்படுகிறது. மீதி ஒரு தடவை வெளியே போகும் என்பதையும் அதே கணக்கு சொல்கிறது. 2025 ஆகஸ்டில் எரின் புயல் அமெரிக்கக் கரையைத் தொடாமலே அட்லாண்டிக்கில் ஒதுங்கிப் போனது. இருந்தும் வடகரோலினாவில் நெடுஞ்சாலையில் கடல் ஏறியது, இழுப்பில் சிக்கியவர்களை டஜன் கணக்கில் மீட்க வேண்டியிருந்தது.

வளைகுடாவுக்கு இன்னொரு குணம், அவசரம். 2007 செப்டம்பரில் ஹம்பர்ட்டோ ஒரு நாள் காலையில் பெயரில்லாத தாழ்வாக இருந்தது. மறுநாள் விடிவதற்குள் ஹரிக்கேனாகி, ஹை ஐலண்ட் அருகே கரையேறிவிட்டது. பொலிவர் தீபகற்பத்து மணலில் கூடாரம் அடித்து இரவெல்லாம் தூண்டில் போடுகிறவர்கள் இதை நினைவில் வைக்கலாம்.

ஒதுங்கிப் போகும் புயலுக்கு இடப்புறம், அதாவது மேற்கே, நாம் இருந்தால் காற்று நிலத்திலிருந்து கடலுக்கு வீசும். விரிகுடாத் தண்ணீரையே அது வெளியே துடைத்துத் தள்ளிவிடும். புளோரிடாவின் தாம்பாவில் 2017இல் இர்மாவின்போதும் 2022இல் இயானின்போதும் கடல் பின்வாங்கித் தரை தெரிந்தது, ஜனங்கள் அதில் இறங்கி நடந்தார்கள். அந்தப் படங்களைப் பார்த்தபோது என் வயிறு என்னவோ செய்தது. 2004 டிசம்பர் 26 காலையில் உள்வாங்கிய கடலில் துள்ளிய மீனைப் பொறுக்க ஓடியவர்களைப் பற்றிக் கேட்டவர்கள் அல்லவா நாம். இது சுனாமி இல்லை, காரணம் வேறு. ஆனால் துடைத்த தண்ணீர் காற்று திரும்பியதும் திரும்பும்.

இனி மீன். "புயலுக்கு முன்னால மீன் வெறியாக் கடிக்கும், பாரோமீட்டர் இறங்குது பாருங்க" என்று சொல்லாத தூண்டில்காரர் இந்த ஊரில் இல்லை. நானும் சொல்லித் திரிந்தவன்தான். ஒரு நாள் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். காற்றழுத்தம் ஒரு மில்லிபார் இறங்குவது தண்ணீரில் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் மேலே வருவதற்குச் சமம். பெரிய புயல் நெருங்கி அழுத்தம் 30 மில்லிபார் இறங்கினாலும் மீனுக்கு அது ஒரு சாண், ஒன்றரைச் சாண் மேலே நீந்தியது மாதிரிதான். ஓர் இறாலைத் துரத்தி மேலே வரும்போதே அதைவிட அதிகம் ஏறி இறங்குகிறது. அதற்காக மீனுக்குத் தெரியாது என்றும் சொல்லிவிட முடியாது. 2001 செப்டம்பரில் கேப்ரியல் புயல் புளோரிடாவை நெருங்கியபோது டெரா சியா விரிகுடாவில் கருவி பொருத்தி விட்டிருந்த 13 சுறாக் குட்டிகளும், ஒன்று பாக்கியில்லாமல், புயலுக்கு முன்பே ஆழத்துக்குப் போய்விட்டு, அடங்கிய பிறகு திரும்பி வந்தன. அழுத்தம் இறங்குவதை அவை உணர்ந்திருக்கும் என்று ஆராய்ந்தவர்கள் எழுதினார்கள். சுறா கிளம்பிப் போன இடத்தில் நாம் போய் நிற்கிறோம் என்பதுதான் எனக்கு அதில் வேடிக்கை.

இதற்கு நேர்மாறாக இன்னொன்று. 2017 ஆகஸ்டு 25 இரவு ஹார்வி ராக்போர்ட் அருகே நான்காம் வகைப் புயலாகக் கரையேறியபோது, போர்ட் அரான்சாஸ் பக்கத்தில் தண்ணீருக்கடியில் ஒலிவாங்கிகள் வைத்திருந்தார்கள். நாம் ட்ரௌட் என்று சொல்லும் புள்ளி மீன் முட்டையிடும்போது ஆண் மீன்கள் வயிற்றிலிருந்து கொரகொரவென்று ஒலி எழுப்பும். புயலின் கண் தலைக்கு மேல் கடந்த அந்த இரவிலும் அவை பாட்டை நிறுத்தவில்லை என்பது பதிவாகியிருக்கிறது. ஊரே பிய்த்துக்கொண்டு போகும்போது கீழே கல்யாணக் கச்சேரி. இந்த ட்ரௌட்டும் ரெட்ஃபிஷ்ஷும் வேறு யாருமில்லை, நம்ம ஊர்க் கத்தாழையின் குடும்பம். கத்தாழையைப் படகில் தூக்கிப் போட்டால் முனகும் என்பது எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

ஆக, செப்டம்பரில் மீன் அதிகம் கடிப்பது உண்மை, ஆனால் புயல் அதை அழைத்து வரவில்லை. ரெட்ஃபிஷ் தன் பருவத்துக்கு வருகிறது, புயல் தன் பருவத்துக்கு வருகிறது. இரண்டு முகூர்த்தமும் ஒரே மாதத்தில் விழுகின்றன. இந்தச் சனிக்கிழமை தவறினால் மீன் போய்விடும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம், அக்டோபர் முழுக்க அது அங்கேதான் இருக்கும். அதிலும் நாம் உயிரைப் பணயம் வைக்கும் அந்தப் பெரிய மீனைச் சாப்பிட முடியுமா? டெக்சஸில் நாளொன்றுக்கு மூன்று ரெட்ஃபிஷ், 20 முதல் 28 அங்குலம் வரை. அதற்கு மேலே என்றால் உரிமத்தோடு வரும் சீட்டைக் கட்டி ஒன்றை எடுத்துப் போகலாம். எடுத்துப் போய் நான் ஒரு முறை குழம்பு வைத்தேன். மட்டமான ரப்பர், சதைக்குள் புழு வேறு. தேங்காயும் மல்லியும் அரைத்த மசாலா வீண். இருபத்திரண்டு அங்குலக்காரன்தான் குழம்புக்கு. 

கடலோரம் வேண்டாம், விரிகுடாப் பக்கம் உள்ளே போட்டுக்கொள்கிறோம் என்று சிலர் கேட்பீர்கள். அலைக்கு அது தப்பிய இடம்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் திரும்பி வரும் ரோடு எங்கே இருக்கிறது என்று பாருங்கள். 2008இல் ஐக் புயல் கால்வெஸ்டனில் கரையேறியது செப்டம்பர் 13 அதிகாலை இரண்டு மணிக்கு மேல். அதற்கு முந்தின நாள் காலையிலேயே, மையம் நூற்றுக்கணக்கான மைல் தள்ளி இருந்தபோதே, கடல் மட்டம் ஏறிப் பொலிவரின் நெடுஞ்சாலையை அறுத்துவிட்டது. கரைக்கு இணையாக வீசிய வடகிழக்குக் காற்று, பூமி சுழல்வதால் தண்ணீரை வலப்பக்கம், அதாவது நம் கரைப்பக்கம், தள்ளிக் குவித்துக்கொண்டே இருந்ததன் விளைவு. மழை வந்தால் கிளம்பலாம் என்று இருந்தவர்களை ஹெலிகாப்டரில் தூக்க வேண்டியதாயிற்று. தீவின் மேற்கே போகும் ரோடும் தாழ்வுதான். எனவே புயல் வளைகுடாவுக்குள் நுழைந்துவிட்டால் அது எந்த மாநிலத்துக்குப் போவதாக இருந்தாலும் நான் தீவுக்குப் போவதில்லை.

புயல் போன பிறகு? இதற்கும் போன் வரும். பெரிய மழைக்குப் பிறகு ஆறுகள் கொண்டுவரும் நன்னீர் விரிகுடாவை நிரப்பிவிடும். ஹார்வியில் நெடர்லண்ட் ஊரில் பெய்தது 60 அங்குலத்துக்கு மேல். கால்வெஸ்டன் விரிகுடாவின் உப்பே கரைந்து போய், நகர முடியாத ஆய்ஸ்டர் சிப்பிகள் கொத்துக் கொத்தாகச் செத்தன. நகர முடிந்த மீன் உப்பைத் தேடிக் கழிமுகத்துக்கு வரும், அதனால் பாஸ் பக்கம் அமோகமாகக் கிடைக்கும் என்பது சரிதான். அந்தத் தண்ணீரில் என்னென்ன கிடக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்: வீட்டுக் கூரை, ஆணி நீட்டிய பலகை, நிரம்பி வழிந்த சாக்கடை, இடம் மாறிய மணல்திட்டு. போன மாதம் முழங்காலளவு இருந்த இடம் இந்த மாதம் ஆளை மூழ்கடிக்கும்.

இவற்றைவிட நான் பயப்படுவது கண்ணுக்குத் தெரியாத ஒன்றுக்கு. விப்ரியோ வல்னிஃபிகஸ் என்ற கிருமி. வெதுவெதுப்பான, அரைகுறை உப்புத் தண்ணீர் அதற்கு மாமியார் வீடு. காயத்தின் வழியே உள்ளே போனால் ஒன்றிரண்டு நாளில் காலை எடுக்க வேண்டி வரலாம், உயிரும் போகலாம். 2005இல் கத்ரீனாவுக்குப் பிறகும் 2022இல் இயானுக்குப் பிறகும் இதில் செத்தவர்கள் உண்டு. கல்லீரல் கெட்டவர்களுக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கும் ஆபத்து கூடுதல். நம் கூட்டத்தில் நாற்பது தாண்டியவர்களில் எத்தனை பேர் காலையில் மெட்ஃபார்மின் போட்டுக்கொண்டு தூண்டிலுக்குக் கிளம்புகிறோம் என்று எண்ணிப் பாருங்கள். என் முழங்கால் காயம் மறுநாள் சிவந்து வீங்கியது. கடல்தண்ணீரில் பட்ட காயம் என்று மருத்துவரிடம் முதல் வாக்கியத்திலேயே சொன்னேன், உடனே மருந்து கொடுத்தார்கள், தப்பித்தேன். அதைச் சொல்ல மறந்துவிடாதீர்கள், சாதாரண வெட்டு என்று அவர்கள் நினைத்துவிடக் கூடும். பெரிய மழைக்குப் பிறகு மூன்று வாரம் நான் தண்ணீரில் கால் வைப்பதில்லை. அது விஞ்ஞானக் கணக்கு இல்லை, என் சொந்தக் கணக்கு.

2017ஐ நினைக்கும்போது எனக்கு இரண்டு ஊரும் ஒன்றாகிவிடும். ஆகஸ்டில் ஹார்வி இங்கே வீட்டு வாசல் வரை தண்ணீரைக் கொண்டுவந்தது. நவம்பர் 30 அன்று ஒக்கி எங்கள் குமரிக் கடலில் சுழன்றது. எச்சரிக்கை வருவதற்கு எத்தனையோ நாள் முன்பே தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறைப் படகுகள் ஆழ்கடலுக்குப் போய்விட்டிருந்தன. திரும்பி வராதவர்கள் நூற்றுக்கணக்கில். அவர்களுக்குக் கடல் என்பது அடுப்பு. போகாவிட்டால் எரியாது. எனக்கும் உங்களுக்கும் அது சனிக்கிழமை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் சம்பளம் வங்கியில் விழுந்துவிடும், மீன் வேண்டுமென்றால் பெல்லேர் தெருவில் வியட்நாம்காரர் கடையில் உயிரோடு கிடைக்கும். ஊரில் அந்த வருடம் துக்கம் கேட்கப் போய் வந்த என் அண்ணன் போனில் கேட்டார்: "நீ அங்க எதுக்குடா புயல் மாசத்துல தண்ணில எறங்குத?" பதில் சொல்லத் தெரியவில்லை.

அக்டோபர் பாதிக்கு மேல் வடக்கேயிருந்து முதல் நல்ல குளிர்காற்று இறங்கும். அதையும் நான் வாடை என்றுதான் சொல்வேன். அது வந்து இரண்டு நாளில் தண்ணீர் தெளியும், விரிகுடாவில் தட்டையாகக் கிடக்கும் ஃப்ளவுண்டர், நம்ம ஊர் நாக்கு மீனின் பெரியப்பா மகன், கடலுக்குக் கிளம்பத் தொடங்கும். நவம்பர் 1 முதல் டிசம்பர் 14 வரை அதைப் பிடிக்கத் தடை, ஆகவே அக்டோபரின் கடைசி இரண்டு சனிக்கிழமைகள்தான் கெடு. அந்தச் சனிக்கிழமைகளில் காலை ஆறு மணிக்கு நான் 61ஆம் தெருப் பக்கம் சீவால் மேல் உட்கார்ந்திருப்பேன். பீடி விட்டுப் பல வருடம் ஆகிவிட்டது, கையில் பிளாஸ்க்கும் கடிகாரமும் இருக்கும். வந்து பக்கத்தில் உட்காருங்கள். ஒரு காப்பி முடியும்வரை, தேவைப்பட்டால் இரண்டாவதும் முடியும்வரை, அலையை எண்ணுவோம். ஆறு விநாடி என்றால் இறங்கலாம். பத்து என்றால், கொண்டுவந்த புளிச்சோற்றை அங்கேயே பிரித்துச் சாப்பிட்டுவிட்டு வீட்டுக்குத் திரும்புவோம்.

அன்புடன்,
உங்களில் ஒருவன்